எனக்குப் பசிக்கலடி!

திருச்சிக்கு டூர் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? மலைக்கோட்டை ஏறி மூச்சு வாங்குவீங்க. முக்கொம்பு, கல்லணைன்னு போய் போட்டோ எடுப்பீங்க. நல்ல பிள்ளைங்க நீங்க! நாங்க நாலு பொண்ணுங்க போனது சாப்பிடறதுக்கு. சாப்பிடறதுக்கு மட்டும்.

எங்க ஹாஸ்டல் அரியலூர்ப் பக்கம். மெஸ் சாப்பாட்டைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, வீட்டுலேர்ந்து வர்றவங்களுக்குச் சொன்னாப் புரியாது. மூணு வாரமா நோட்டோட கடைசிப் பக்கத்துல லிஸ்ட் போட்டோம். மொத்தம் 11 ஐட்டம். செமஸ்டர் சிலபஸைக்கூட நாங்க அவ்வளவு சின்சியரா எழுதினதில்ல.

நான்தான் கேஷியர். போற இடத்துல எல்லாம் நானே போன்ல பணம் கட்டிடுவேன். ராத்திரி மொத்தத்தைக் கூட்டி, நாலால வகுத்து, வாட்ஸப் குரூப்ல போட்டுடுவேன். அவங்கவங்க அனுப்பிடணும். எவ்ளோ ஃபேரான ஏற்பாடு பாருங்க!

நாலு பேர்ல நான் ஒண்ணு. இன்னொருத்தி ஜி.கே. புலி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறா. மூணாவது ஒரு தூங்குமூஞ்சி. நாலாவது ஆள் பேரை மட்டும் கேக்காதீங்க. 'அவ'ன்னே சொல்றேன்.

ஒரு சனிக்கிழமை, காலையில பாசஞ்சர் பிடிச்சோம். லால்குடி தாண்டி, கொள்ளிடம் பாலம் தடதடன்னு வந்தப்ப தூங்குமூஞ்சியே எழுந்துட்டா. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தா, தூரத்துலேர்ந்தே ராஜகோபுரம் வாங்கன்னு கூப்பிடுது. 236 அடி, 13 நிலை. அடித்தளம் போட்டது பழைய காலமாம், மொட்டையா நின்ன கோபுரத்தைக் கட்டி முடிச்சது 1987-லதான். இதைச் சொன்னது யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஜி.கே. புலி!

லிஸ்ட்ல முதல் ஐட்டம், முரளி கடை காபி. ஸ்ரீரங்கத்துல யாரைக் கேட்டாலும் வழி சொல்றாங்க. வாயில வெச்சதும் முதல்ல கசப்பு, அப்புறம் பால், கடைசியில சர்க்கரை, இப்படி வரிசையா வந்து நிக்குது பாருங்க, அதுதான் காபி. எங்க மெஸ்ல தர்றதுக்கு வேற பேர் வைக்கணும். அவளும் குடிச்சா. ரெண்டு கையாலயும் டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப மெதுவா.

கோயிலுக்குள்ள போயிட்டு வெளிய வர்றப்ப எனக்கு ஒரு சந்தேகம். 'ஸ்ரீரங்கத்துல எங்கயாவது அய்யங்கார் பேக்கரி ஹெட் ஆபீஸ் இருக்கணுமே!' நீங்க சிரிப்பீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, அய்யங்கார்களோட ஊர்னா ஸ்ரீரங்கம்தானே? தமிழ்நாட்டுல ஊருக்கு ஊர் அய்யங்கார் பேக்கரின்னு போர்டு இருக்கே, அதோட மூலஸ்தானம் இங்கதான் இருக்கும்னு ரொம்ப நாளா நம்பிக்கிட்டிருந்தேன். இல்லையாம். அந்தக் கதை கர்நாடகாவுல ஹாசன் பக்கத்து அய்யங்கார்களோடது. பெங்களூரு சிக்பேட்டையில 1898-ல ஒரு குடும்பம் ஆரம்பிச்சதுதான் தொடக்கம். முட்டை போடாத கேக், தேங்காய் பன், கார பன் எல்லாம் அங்கேர்ந்து பஸ் ஏறி நம்ம ஊருக்கு வந்தது.

அப்போ ரங்கநாதருக்கும் பேக்கரிக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு பாஸ்! கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கு. டெல்லி சுல்தானோட பொண்ணு, பெருமாள் மேல ஆசைப்பட்டு இங்கேயே வந்துட்டாங்கன்னு கதை. அந்தப் பொண்ணு வடநாட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவங்க இல்லையா? அதனால காலையில பெருமாளுக்கே கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறாங்க. வீட்டுக்கு வந்த மருமகளுக்காக சமையலையே மாத்தின மாமியார் வீடு! நம்ம ஊர்ல எத்தனை வீட்டுல இது நடக்கும், சொல்லுங்க?

ஒரு பேக்கரியில (அய்யங்கார் பேக்கரி இல்லைங்க, சாதாரண பேக்கரி) தேங்காய் பன் வாங்கி நாலா வெட்டச் சொன்னேன். அவ, "எனக்கு வேணாம்டி, நீங்க சாப்பிடுங்க"ன்னா. சரின்னு மூணா வெட்டினோம். சந்தோஷமாத்தான் வெட்டினோம்!

அங்கேதான் அவ ஒண்ணு கேட்டா. "ஏய், இந்தக் கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் போடறாங்களாம்டி. மத்தியானம் அங்க சாப்பிடலாமா?"

உண்மைதான். ஸ்ரீரங்கத்துலயும் பழனியிலயும் 2012-ல ஆரம்பிச்ச திட்டம். யார் வேணா போய் உக்காரலாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஃபுட் டூர் வந்துட்டு அன்னதானமா? ஓசி பஸ்ல போயி ஓசி சாப்பாடு சாப்பிட்டா அது டூராடி?" மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவளும் சிரிச்சா. அப்புறம் சொன்னா, "எப்படியும் இன்னிக்கு சனிக்கிழமை. நான் விரதம்."

சனிக்கிழமை, ஸ்ரீரங்கம், விரதம். பொருந்துதா இல்லையா? நானும் நம்பிட்டேன். அரை வருஷமா பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவ எந்தச் சனிக்கிழமையும் விரதம் இருந்ததில்லைன்னு எனக்குத் தோணவே இல்ல.

திருவானைக்கோவில். பார்த்தசாரதி விலாஸ். 1940-கள்லேர்ந்து இருக்கிற கடை, நெய் ரோஸ்ட்டுக்குன்னே வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்க. பளபளா ஏ.சி. ஹோட்டல்னு நெனச்சுப் போகாதீங்க, பழைய காலத்து ஓட்டல். இலையில அந்த ரோஸ்ட் வந்து விழுந்ததும் வாசனை மூக்குல ஏறுது. ஓரத்தை ஒடிச்சா மொறுக்குன்னு சத்தம், நடுவுல கொஞ்சம் மெத்துன்னு. விரல்ல நெய். சட்னியைத் தொடாமலே முதல் ரோஸ்ட்டை முடிச்சுட்டேன், ரெண்டாவதுக்குத்தான் சட்னி ஞாபகம் வந்துச்சு. தூங்குமூஞ்சிக்கு அன்னிக்குத்தான் முழுசா முழிப்பு வந்ததுன்னு நெனைக்கிறேன்.

அவ எதிர்ல உக்காந்து காபி மட்டும் குடிச்சா. "எனக்குப் பசிக்கலடி"ன்னா. விரதம்னு சொன்னவ எதுக்குப் பசிக்கலைன்னும் சொல்லணும்? ரெண்டு காரணம் சொன்னா ரெண்டுமே பொய்யின்னு எங்க அம்மா சொல்வாங்க. எனக்கு அப்ப காது கேக்கல. வாய் மட்டும்தான் வேலை செஞ்சுது.

1-ம் நம்பர் பஸ்ல ஏறி, காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு. 2021-லேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதனால நாலு பேருக்கும் பைசா செலவில்ல. அன்னிக்கு நாலு பேரும் சமமா இருந்த ஒரே இடம் அந்த பஸ்தான்னு இப்ப தோணுது.

சத்திரத்துல இறங்கினா செயின்ட் ஜோசப் காலேஜ். வாசல்ல நின்னு ஜி.கே. புலி லெக்சர் ஆரம்பிச்சுட்டா. அப்துல் கலாம் 1950-ல சேர்ந்து 1954-ல டிகிரி முடிச்சது இங்கதான். ராமேஸ்வரத்துப் பையன், மீன் சாப்பிட்டு வளர்ந்தவர், இங்க வந்துதான் சைவமானார். கொள்கையெல்லாம் இல்ல, கையில காசில்லாததாலதான்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். மூணாவது வருஷத்துல ஹாஸ்டலோட சைவ மெஸ்ஸுக்கு அவர்தான் செகரட்டரி. ஒரு ஞாயித்துக்கிழமை ரெக்டர் ஃபாதரையே சாப்பிடக் கூப்பிட்டு, பசங்க அவங்கவங்க ஊர்ச் சமையலைப் பண்ணி விருந்து வெச்சதைத் தன் 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார்.

"சூப்பர்ல!" "கிரேட்ல!" அப்படின்னு சொல்லிட்டு நாங்க நகர்ந்துட்டோம். அவ மட்டும் கொஞ்ச நேரம் அந்த கேட்டையே பாத்துக்கிட்டு நின்னா. "வாடி, ஐஸ்கிரீம் உருகிடும்"னு நான் கத்தினேன். எழுபது வருஷத்துக்கு முன்னாடி காசில்லாம கறி மீனை விட்ட ஒருத்தரை எனக்குப் புரிஞ்சுது. ரெண்டடி தள்ளி நின்னவளைத் தெரியல.

ஐஸ்கிரீம்னா மெயின் கார்டு கேட் பக்கம் மைக்கேல். திருச்சியில காலேஜ் படிச்ச யாரைக் கேட்டாலும், "இன்னும் இருக்கா அது?"ன்னு கண்ணை விரிப்பாங்க. இருக்கு! மால்ல கோபுரம் மாதிரி அடுக்கித் தர்ற சமாச்சாரம் கிடையாது. பாட்டி வீட்டு வெனிலா மாதிரி ஒண்ணு. எங்க பாட்டி ஐஸ்கிரீம் பண்ணதில்ல, ஆனா பண்ணியிருந்தா இப்படித்தான் இருந்திருக்கும். விலையும் நம்ம பர்சுக்குத் தகுந்தது. அங்க அவ என் கப்புலேர்ந்து ரெண்டு ஸ்பூன் எடுத்துக்கிட்டா. கணக்குக்காகச் சொல்றேன், ரெண்டே ரெண்டு ஸ்பூன்.

அதுக்கப்புறம் மலைக்கோட்டைப் பக்கம் மயில் மார்க் மிட்டாய்க் கடையில பூந்தியும் காராசேவும். தெப்பக்குளம் ஓரமா தள்ளுவண்டியில பஜ்ஜி. ஸ்டேஷன் போற வழியில மணப்பாறை முறுக்கு ரெண்டு பாக்கெட், 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வி.ஐ.பி. முறுக்கு அது! மலைக்கோட்டை ஏறலாம்னு ஜி.கே. புலி சொன்னா. நானூத்துச் சொச்சம் படி. எங்க வயித்து நிலைமைக்கு நாலு படி ஏறியிருக்க முடியாது.

ராத்திரி ஹாஸ்டல். கணக்குப் போட்டேன். மொத்தம் 1,240 ரூபா, ஆளுக்கு 310. குரூப்ல போட்டேன். ரெண்டு பேரும் அஞ்சே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. அவகிட்டேர்ந்து ஒரு மெசேஜ்: "அடுத்த மாசம் தரட்டுமாடி? ஆயிரம் வந்ததும் தர்றேன்."

ஆயிரம்னா புதுமைப்பெண் பணம். அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து படிச்சு காலேஜ் வர்ற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபா, 2022-ல ஆரம்பிச்சது. எனக்கும் வரும். என்னோடது ரீசார்ஜுக்கும் க்ளிப்புக்கும் போகும். அவளோடது வந்த அன்னிக்கே அவங்க அம்மாவுக்குப் போயிடும்னு எனக்குத் தெரியும். தெரியும்ங்க! அதுதான் விஷயமே. தெரியாம பண்ணியிருந்தா இதை இப்படி எழுத மாட்டேன்.

மறுபடி போனை எடுத்து, ஒவ்வொரு பில்லா பாத்தேன். அவ சாப்பிட்டதை மட்டும் கூட்டினேன். காபி ரெண்டு. ஐஸ்கிரீம் ரெண்டு ஸ்பூன். பஜ்ஜி கிடையாது. பூந்தி கிடையாது. காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் எங்க பின்னாடியே நடந்தவளுக்கு நான் போட்ட பில்லு 310 ரூபா. நாலால வகுத்தா ஃபேர்னு எனக்கு யார் சொன்னது?

பக்கத்துக் கட்டில்தான். "கணக்கு தப்பாப் போட்டுட்டேன், நீ ஒண்ணும் தர வேணாம்"னு மெதுவாச் சொன்னேன். "பிச்சை போடறியா?"ன்னு கேட்டா. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேட்டா. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல. அடுத்த மாசம் 310 ரூபா வந்துச்சு. வாங்கிக்கிட்டேன். திருப்பி அனுப்பினா அவ என்னோட பேச மாட்டான்னு தெரிஞ்சுது. அந்த 310-ஐ நான் எதுக்கும் செலவு பண்ணல, ஆனா அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

செமஸ்டர் முடிஞ்சு மறுபடி திருச்சி போலாம்னு தூங்குமூஞ்சி ஆரம்பிச்சா. அவ வர மாட்டான்னு நெனச்சேன். வர்றேன்னா, ஆனா ஒரு கண்டிஷன். இந்தத் தடவை லிஸ்ட் அவ போடுவா. கேஷியரும் அவதான்.

ட்ரெய்ன் அரியலூர் தாண்டினதும் பையிலேர்ந்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தா. துப்பட்டாவுக்கு அடியில வெச்சு, நாலு பேரும் ஒவ்வொருத்தரா கையை உள்ள விட்டு, முடிஞ்சதைப் போடணும். யார் எவ்ளோன்னு பாக்கக் கூடாது, கேக்கக் கூடாது. கையில நோட்டே இல்லாம போன்ல மட்டும் காசு வெச்சிருக்கிற ஜி.கே. புலிக்காக ஒரு ஸ்டேஷன் டீக்கடையில கெஞ்சி சில்லறை மாத்தினோம்! எண்ணிப் பாத்தா 1,137 ரூபா. அந்த ஏழு ரூபா யாரோடதுன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அவ லிஸ்ட்ல முதல் ஐட்டம் முரளி கடை காபிதான். ரெண்டாவது ஐட்டம் ஸ்ரீரங்கம் அன்னதானக் கூடம். நான் வாயே திறக்கல. வரிசையில நின்னு, தரையில நாலு பேரும் ஒண்ணா உக்காந்தோம். எனக்கு அந்தப் பக்கம் மொட்டை போட்ட ஒரு தாத்தா, எதிர்ல ஒரு குடும்பம். சூடா சாதம், சாம்பார், ரசம், மோர். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கம்மா"ன்னு பரிமாறினவர் ரெண்டு தடவை கேட்டார். நம்ம மெஸ்ல அப்படி யாராவது கேட்டிருக்காங்களா? (மெஸ்ஸைப் பத்திப் பேச மாட்டேன்னு சொன்னேன்ல, மன்னிச்சுடுங்க.)

சாயங்காலம் திருவானைக்கோவில். அதே கடை, அதே நெய் ரோஸ்ட். அவ ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, சட்னியை நடுவுல வெச்சு, ஒரு துண்டுகூட மிச்சமில்லாம சாப்பிட்டா. விரல்ல இருந்த நெய்யைக்கூட விடல. அன்னிக்கும் சனிக்கிழமைதான், யாரும் ஞாபகப்படுத்தல.

"இன்னொண்ணு சொல்லட்டுமாடி?"ன்னு கேட்டேன்.

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு தடவை எண்ணிப் பாத்தா.

"சொல்லு. ஆனா நெய் தூக்கலா ஊத்தச் சொல்லு."