பாக்கி எத்தனை?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷாஃப்ட் முழுக்க முழுக்க ஒரே கூரையின் கீழ் தயாராவது அபூர்வம். லேத் வேலை ஓரிடம், கிரைண்டிங் இரண்டு தெரு தள்ளி, ஹீட் ட்ரீட்மென்ட் பூந்தமல்லி தாண்டித் திருமழிசையில். 1964இல் தொடங்கிய பேட்டை இது. இதன் சிறு பட்டறைகள் இப்படி ஒன்றையொன்று நம்பித்தான் ஓடுகின்றன. சரக்கு கேட்டைத் தாண்டும்போது கூடவே ஒரு டெலிவரி சலானும் போகும். எல்லோர் வாயிலும் அது டி.சி. போனது எத்தனை, வந்தது எத்தனை, பாக்கி எத்தனை என்று ஸ்டோர்ஸில் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் மென்பொருளை எழுதுவதுதான் என் வேலை. ஜாங்கோவில் எழுதுகிறேன், பின்னால் போஸ்ட்கிரெஸ்.

ஜாங்கோவின் ஓ.ஆர்.எம். எனக்கு மிகவும் பிடித்த கருவி. டேபிள்களைப் பைத்தான் ஆப்ஜெக்ட்களாகக் கையில் கொடுத்துவிட்டு, எஸ்.க்யூ.எல்.லைத் தானே எழுதிக்கொள்கிறது. ஆனால் டேட்டாபேஸ் பதில் சொல்வது அது எழுதிய எஸ்.க்யூ.எல்.லுக்கு, என் பைத்தான் வரி அங்கே போவதே இல்லை. கிரைண்டிங் முடிந்த ஷாஃப்டை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் இங்கே யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். குவெரியைப் படித்துப் பார்க்காமல் ஒரு திரையை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதும் எனக்கு ஒப்பாத காரியம்.

பார்ப்பது சுலபம். குவெரிசெட்டின் ‘குவெரி’யை பிரிண்ட் செய்தாலே எஸ்.க்யூ.எல். வந்துவிடும். தேதியும் பெயரும் மட்டும் மேற்கோள் குறியின்றி வரும் என்பதால் அதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஓடாது. டீபக் டூல்பார் அழகாகப் பட்டியல் போடும். எனக்கு ‘ஜாங்கோ.டிபி.பேக்எண்ட்ஸ்’ லாகரைத் திறந்துவைத்து, டெர்மினலில் குவெரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்ப்பதுதான் பழக்கம். எது எதற்குப் பின் போகிறது என்ற வரிசையிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பாக்கி டி.சி.க்கள் 50ஐக் காட்டும் ஒரு திரை. ஒவ்வொன்றுக்கும் பார்ட்டி பெயரும் வேலையின் பெயரும் வேண்டும். டெம்ப்ளேட் அவற்றைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் தனிக் குவெரி போகும்: 1, 50, இன்னொரு 50, ஆக 101. ‘செலக்ட் ரிலேட்டட்’ சேர்த்தால் எல்லாம் ஒரே ஜாயினில் வந்துவிடும். டி.சி.யின் வரிகளும் வேண்டுமென்றால் ‘ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்’, இரண்டாவதாக ஒரே ஒரு குவெரி. இது பலரும் அறிந்ததுதான். இன்னொன்று: பெயரை எழுத்து வேறுபாடு பாராமல் தேட ‘ஐஎக்ஸாக்ட்’ போட்டால், போஸ்ட்கிரெஸில் அது அந்த ஃபீல்டை ‘அப்பர்’ ஃபங்ஷனுக்குள் பொதிந்துவிடும், சாதாரண இண்டெக்ஸ் சும்மா கிடக்கும். எக்ஸ்ப்ளெயின் போட்டால் தெரிந்துவிடும், ஜாங்கோ 2.1 முதல் அது குவெரிசெட்டிலேயே இருக்கிறது.

இவையெல்லாம் வேகம் சம்பந்தப்பட்டவை. வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஒரு டி.சி.யை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வரி: 200, 300. போனது 500. திரும்பி வந்தது மூன்று தவணையாக: 100, 100, 50. வந்தது 250, பாக்கி 250. இதையே ஒரே ‘அனோடேட்’டில் இரண்டு ‘சம்’ போட்டுக் கேட்டுப் பாருங்கள். பைத்தானில் அந்த வரி குற்றம் சொல்ல முடியாதபடி இருக்கும். லாகில் பார்த்தால், வரிகளின் டேபிளும் வரவுகளின் டேபிளும் ஒரே டி.சி.யோடு சேர்த்து ஜாயின் ஆகியிருக்கும். இரண்டு வரி, மூன்று வரவு, ஆறு ரோ. போனது மும்மடங்காகி 1500. வந்தது இருமடங்காகி 500. பாக்கி 1000 என்று திரை காட்டும். எர்ரர் எதுவும் வராது, தாமதமும் இருக்காது.

சிலர் இதற்கு ‘டிஸ்டிங்க்ட்’ சேர்ப்பார்கள். எண்ணிக்கைக்கு அது சரிப்படும், கூட்டலுக்குச் சரிப்படாது. இரண்டு 100களில் ஒன்றை அது விழுங்கிவிடும். வந்தது 150 ஆகும், பாக்கி 350. முந்தையதைவிட இது மோசம், ஏனென்றால் நம்பும்படியாக இருக்கிறது. ஒரு வரி, ஒரு வரவு உள்ள டி.சி.யில் எல்லா வழியிலும் சரியான விடை வரும் என்பதால் டெமோவில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் வண்டி அனுப்புகிறார், இன்னொருவர் பார்ட்டிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி, ஜாப் வொர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே வெளியே போக வேண்டும். தவறினால், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாகக் கணக்காகி வரியும் வட்டியும் வந்து நிற்கும். சின்னப் பட்டறை முதலாளிக்கு அது சாதாரணத் தொகை இல்லை. என் திரை தப்பாகக் காட்டும் பாக்கி கடைசியில் அவருடைய பணம்.

இதற்கு மருந்து ‘சப்குவெரி’. வரிகளின் கூட்டல் ஒரு சப்குவெரியில், வரவுகளின் கூட்டல் இன்னொன்றில், இரண்டும் டி.சி. எண்ணைக் கொண்டு தனித்தனியே போய்வரும். எழுத நீளம், பைத்தானில் பார்க்கவும் அவ்வளவு அழகில்லை. எஸ்.க்யூ.எல்.லைப் படித்தால் மட்டும் ஸ்டோர்ஸ்காரர் கேட்ட கேள்வி அப்படியே அதில் இருக்கும்.

பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. அதை டெஸ்ட்டாகவும் எழுதிவைக்க வேண்டும். பட்டியல் திரைக்கு ‘அசெர்ட் நம் குவெரீஸ்’. நாளை யாராவது டெம்ப்ளேட்டில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தால் டெஸ்ட் உடைந்து காட்டிக்கொடுக்கும். கணக்குக்கு மேலே சொன்ன டி.சி.யே போதும்: இரண்டு வரி, மூன்று வரவு, அதில் இரண்டு வரவு கட்டாயம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். விடை 250. 1000 வந்தால் ஜாயின் பெருகியிருக்கிறது. 350 வந்தால் யாரோ டிஸ்டிங்க்ட் போட்டிருக்கிறார்.