ஸரீனாவின் கோடு

மாங்காட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு மாமரங்கள் இருந்தன. அப்பா இறந்த மறுவருஷம் சர்வேயர் வந்து அளந்தார். மூன்று மரங்கள் என் பக்கமும் ஒன்று தம்பி பக்கமுமாகக் கல் நட்டாயிற்று. வரைபடத்தில் அது மெல்லிய ஒரு கோடு. அக்கா தன் பாகத்தை எங்களுக்கு விடுதலை செய்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பூவிருந்தவல்லிக்கு பஸ் ஏறிப் போனாள். ஏன் விட்டுக்கொடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்ற பயம்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

இதையெல்லாம் ஓர் ஓவியரைப் பற்றிய கட்டுரையில் சொல்வது முறையா என்று தெரியவில்லை. ஆனால் ஸரீனாவின் ‘பிரிக்கும் கோடு’ என்ற மரச்செதுக்கு அச்சைப் பார்த்தபோது – அசலை அல்ல, புத்தகத்தில் ஒரு பிரதியை – எனக்கு முதலில் ஞாபகம் வந்தது தேசப்பிரிவினை அல்ல, அந்தக் கல்தான்.

ஸரீனா 1937-ல் அலிகரில் பிறந்தார். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் சரித்திரப் பேராசிரியர். மகள் படித்தது கணிதம். 1958-ல் வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவரை மணந்துகொண்டு தேசம் தேசமாகப் போனார். பாங்காக்கில் மரச்செதுக்கு பழகினார். பாரிஸில் ஹெய்ட்டரின் பட்டறையில் உலோகத் தகட்டு வேலை. 1974-ல் டோக்கியோவில் மறுபடி மரம். பிறகு நியூயார்க்கில் வெகுகாலம். பெற்றோரும் சகோதரி ராணியும் கராச்சிக்குப் போய்விட்டார்கள். கணவர் 1977-ல் இறந்தார். ஸரீனா 2020-ல் லண்டனில் காலமானார்.

தகட்டில் செதுக்கினால் பள்ளத்தில் மை தங்கும். வெட்டிய கோடே காகிதத்தில் விழும். மரத்தில் இது நேர் எதிர். வெட்டியது வெள்ளையாகப் போய்விடும். வெட்டாமல் விட்ட மேடுதான் மை வாங்கும். இரண்டும் தெரிந்தவர் ஸரீனா. 2001-ல் செய்த இந்த அச்சில் இந்திய–பாகிஸ்தான் எல்லை கறுப்பாக வளைந்து இறங்குகிறது. அந்தக் கோட்டை அவர் செதுக்கவில்லை. அதன் இரு பக்கமும் இருந்த மரத்தைக் கொத்திக் கொத்தி எடுத்தார். ஊர், ஆறு, பெயர் எதுவும் கிடையாது. உளி போன தடங்கள் மட்டும் சிறுசிறு கீறல்களாக நிற்கின்றன.

ராட்கிளிஃப் 1947 ஜூலை 8-ல் முதன்முதலாக இந்தியா வந்தார். ஆகஸ்ட் 17-ல் எல்லை வெளியாயிற்று. 40 நாள். காகிதத்தின் மேல் கோடு போடுவது சுலபம். மரம் சொல்வது வேறு: ஒரு கோடு நிலைக்க வேண்டுமானால் அதன் இரு பக்கமும் இருந்ததை வெட்டி எறிந்தாக வேண்டும். இது ஓவியத்தின் விஷயமாக இல்லாமல் அதன் செய்முறையாகவே இருப்பதுதான் ஸரீனாவின் சாதனை என்று நினைக்கிறேன்.

கணக்குப் படித்தவள் போட்ட கோடு, உணர்ச்சியே இல்லையே என்றார் ஒரு நண்பர், நல்ல கவிஞர். நம்மிடம் இது பழைய வியாதி. பத்திரிகையின் அட்டைக்கு ஓவியம் வேண்டும். ஆனால் ஓவியத்தில் அழுகிற முகம் இருந்தால்தான் துக்கம் நமக்குப் புரியும். கவிதையில் சிக்கனத்தை மெச்சுகிறவர்கள்கூட ஓவியத்தில் அதை வறட்சி என்கிறார்கள்.

நண்பருக்கு நான் காட்டியது 2004-ல் வந்த ‘வீட்டிலிருந்து கடிதங்கள்’ என்ற எட்டு அச்சுக்களை. கராச்சியிலிருந்து ராணி உருதுவில் எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் அவை. பெற்றோரின் மரணம், வீட்டை விற்றது, தங்கை அருகில் இல்லாத வருத்தம் எல்லாம் அவற்றில் உண்டு. பல வருஷங்கள் கழித்து அவை ஸரீனாவின் கைக்கு வந்தன. அந்தக் கையெழுத்தின் மேலேயே வீட்டின் தரைப்படங்களையும் ஊர்களின் வரைபடங்களையும் அச்சிட்டார். கடிதத்தைப் பார்க்கலாம், முழுக்கப் படிக்க முடியாது. நண்பர் வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கராச்சிக்கும் நியூயார்க்குக்கும் நடுவே சமுத்திரம் இருந்தது. பூவிருந்தவல்லிக்கும் மாங்காட்டுக்கும் நாலைந்து கிலோமீட்டர். வெள்ளிக்கிழமைகளில் அக்கா காமாட்சி அம்மனைக் கும்பிட வருகிறாள் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறாளாம்.

போன வாரம் ஒரு காகிதத்தில் பழைய வீட்டின் தரைப்படத்தைப் போட்டுப் பார்த்தேன். திண்ணை, ரேழி, கூடம், கிணற்றடி எல்லாம் வந்தன. அப்பாவின் சாய்வு நாற்காலி, தம்பியும் நானும் பாய் விரிக்கிற மூலை, அதுவும் வந்தது. நான்கு மரங்களுக்கும் வட்டம் போட்டேன். அக்கா இரவில் எங்கே படுத்துக்கொள்வாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தம்பிக்கும் தெரியாது. அதை அவளிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.