மிச்சப் பணத்தில் வாங்கும் பெட்டி

கேமிங் கணினி கட்டுவோர் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, மிச்சப் பணத்தில் வாங்கும் உறுப்பாகவே பவர் சப்ளை, அதாவது கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று கேட்டு வாங்கப்படுவது, பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் இப்பெட்டி விளையாட்டின் வேகத்தைக் கூட்டுவதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அது நலிவுறும்போதும் பழி வேறொன்றின் மேல்தான் விழுகிறது. படம் பார்க்கையில் ஒழுங்காக ஓடும் கணினி, விளையாட்டின் கனமான காட்சியில் மட்டும் சட்டென அணைந்து மீண்டும் துவங்குமானால், விண்டோஸை அழித்து நிறுவிப் பார்த்த பின்னரே பலருக்கும் இதன்மேல் ஐயம் எழுகிறது.

கிராஃபிக்ஸ் கார்டு மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த பொழுதுக்குத் தன் வழக்கமான அளவைத் தாண்டி இழுக்கும்போது, பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று அதனைக் கோளாறு எனக் கருதி அனைத்தையும் அணைத்துவிடக்கூடும். இதனைக் கருதியே இன்டெல் 2022இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, உயர்திறன் கார்டுகளுக்கான பவர் சப்ளைகள் தம் வாட் அளவின் இருமடங்கை 100 மைக்ரோநொடி, அதாவது நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம், தாங்க வேண்டும் என்கிறது. 80 பிளஸ் கோல்டு போன்ற முத்திரைகள் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே குறிக்கின்றன; அவற்றைத் தரச்சான்றாகக் கொள்வது வாங்குவோரின் தாராள மனம்.

பவர் சப்ளையை மாற்றும்போது பழைய பெட்டியைக் கழற்றுவது நான்கு திருகாணி வேலைதான். உண்மையான ஆபத்து கேபிள்களில் இருக்கிறது. மாடுலர் வகையில், அதாவது கேபிள்களைத் தனியே செருகிக் கழற்றும் வகையில், மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேரும் முனைக்குப் பொது வரையறை உண்டு. பவர் சப்ளையில் செருகும் முனைக்கோ அது இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளில்கூட, ஒன்றில் 5 வோல்ட் வரும் துளையில் மற்றொன்றில் 12 வோல்ட் வரலாம். கேபினட்டின் பின்புறம் அழகாகக் கட்டிவைத்த பழைய கேபிள்களை அவிழ்க்கச் சோம்பி, புதிய பெட்டியில் அவற்றையே செருகினால் கச்சிதமாகப் பொருந்தவும் கூடும். ஆனால் பொத்தானை அழுத்திய கணத்தில் எஸ்எஸ்டியும் அதிலிருந்த புகைப்படங்களும் சேர்ந்தே போகக்கூடும். ஆகவே பழைய கேபிள்கள் ஒன்று விடாமல் வெளியே வருவதே முறை, அதற்கு அரை நாள் ஆனாலும் சரி.

விசிறி இரைகிறது என்று பழைய பெட்டியைத் திறப்பதும் தகாது. உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்பு, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தத்தை வைத்திருக்கக்கூடும். புதியதிலோ விசிறி சுழலாமலே இருக்கலாம். குறைந்த சுமையில் அதை நிறுத்தி வைக்கும்படியே பல பெட்டிகள் வடிவமைக்கப்பட்டிருக்க, பழுதான பொருளைக் கட்டிக் கொடுத்துவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோரும் உண்டு.