12 வோல்ட், 16 ஆம்பியர்

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு கடைக்காரர் மீது தவறாகக் குற்றம் சாட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. இதை அவர் வாசிக்கப்போவதுமில்லை. ஆயினும், குறைந்த உதவித்தொகையில் சொந்தக் கணினியை வைத்து ஆய்வு செய்யும் நண்பர்கள் இங்கே பலர் இருப்பதால் நடந்ததை முழுமையாக எழுதிவைக்கிறேன்.

என் மேசைக்கணினி 2019-ஆம் ஆண்டின் இறுதியில் தில்லி நேரு பிளேஸில் உதிரிகளாக வாங்கிச் சேர்த்தது. விளையாடுவதற்காகவே வாங்கினேன், அதை மறைப்பதற்கில்லை. ஐ3-9100எஃப் செயலி, 8 ஜிபி ரேம், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடி 1030 கிராஃபிக்ஸ் அட்டை, இவற்றோடு கேபினட்டுடன் சேர்ந்தே வந்த ஓர் எஸ்எம்பிஎஸ். அந்த மின்வழங்கிப் பெட்டியின் மீது ‘450’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதற்குப் பிறகு நான்கரை ஆண்டுகள் அதனை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது அதே கணினி ஆய்வுக்கருவியாகவும் ஆயிற்று. ஹரியானாவின் ஊர்க்குளங்களை, அங்கே ஜோஹட் என்பார்கள், செயற்கைக்கோள் படங்களிலிருந்து அடையாளம் காண்பது என் வேலை. சென்டினல்-2 படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு படப்புள்ளி நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சிறிய ஜோஹட் ஒன்று சில டஜன் புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். நீரையும் நிலத்தையும் பிரித்தறிய யூ-நெட் வகை மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்தேன். 2 ஜிபி நினைவகத்தில் அது மூச்சுத் திணறியது. படத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கினால்தான் ஓடியது. துண்டு சிறுத்தால் சுற்றுப்புறம் தெரியாது. நடவுக்காக நீர் கட்டிய நெல்வயலின் ஒரு மூலையும் குளத்தின் ஒரு மூலையும் அந்தச் சிறு சதுரத்துக்குள் ஒன்றுபோலவே தோன்றும். மாதிரி வயல்களையெல்லாம் குளம் என்றது. அட்டையின் போதாமை என் அத்தியாயத்தில் பிழையாக வந்து உட்கார்ந்திருந்தது. ஜூலையில் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் அந்த அத்தியாயத்தை வைத்தாக வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. திருநெல்வேலியில் இருக்கும் என் தம்பி ஓராண்டாக ஃபோர்சா ஹொரைசன் 5 விளையாட அழைத்துக்கொண்டிருந்தான். மெக்சிகோவைக் களமாகக் கொண்ட காரோட்ட விளையாட்டு அது. அதற்குக் குறைந்தது 4 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம் வேண்டும். “அண்ணே, மெக்சிகோ எப்போ போறோம்?” என்றுதான் ஒவ்வொரு தொலைபேசி உரையாடலையும் முடிப்பான்.

நான் ஜேஆர்எஃப் பெற்றவனல்லன். நெட் அல்லாத உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். 2024 பிப்ரவரியில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் எனக்குப் பொருத்தமானதாகவே இருந்தது. 70 வாட் மட்டும் எடுத்துக்கொள்ளும் அட்டை; தாய்ப்பலகையின் செருகுவாய் தரக்கூடிய 75 வாட்டுக்குள் அடங்குவதால் தனி மின்கம்பி தேவையில்லை. ஆனால் விலை இரண்டு மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், அதுவும் 6 ஜிபிதான், 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளால் நாணயம் ஈட்டும் வழியை அடைத்தபின், அத்தொழிலில் ஓடிய அட்டைகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்திருந்தன. கடைக்காரர் ஒளிக்கவில்லை. “மைனிங்கில் ஓடியதுதான். ஏழு நாள் சோதித்துப் பாருங்கள்” என்றார். பிறகு, “எஸ்எம்பிஎஸ் என்ன?” என்று கேட்டார்.

“450 வாட்” என்றேன், சற்றும் தயங்காமல்.

என் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த அட்டைக்கு வேண்டிய எட்டு ஊசி இணைப்பே இல்லை. நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு மாற்றுக் கம்பி வாங்கி, வட்டுகளுக்கான பழைய நான்கு ஊசி முனைகள் இரண்டிலிருந்து மின்சாரம் எடுத்தேன். தனக்குத் தேவையான இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையென்றால், அந்த எஸ்எம்பிஎஸ் அந்த அட்டைக்கானதல்ல என்பதே பொருள். எனக்கோ அது கம்பி பற்றாக்குறையாக மட்டுமே தெரிந்தது. பழைய ஜிடி 1030-ஐ அன்றே விடுதியில் ஓர் இளையவருக்கு விற்றும்விட்டேன்.

பயிற்சி தொடங்கி இருபது நிமிடத்தில் கணினி அணைந்தது. எச்சரிக்கையோ பிழைச்செய்தியோ இல்லை. விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. வெளியே 45 டிகிரி வெயில். வெப்பம்தான் என்று முடிவு செய்தேன். அட்டையைப் பிரித்துத் தூசு தட்டி வெப்பப்பசை மாற்றினேன், மேசை விசிறியைப் பக்கத்தில் வைத்தேன். அட்டையின் வெப்பநிலை 72 டிகிரியைத் தாண்டவேயில்லை, கணினி மட்டும் அணைந்துகொண்டே இருந்தது. 72 என்ற எண் கண்முன் இருந்தும் வெப்பத்தையே சந்தேகித்தேன். அது கைவிட்டதும் அட்டையின் கடந்தகாலத்தைச் சந்தேகித்தேன். மைனிங்கில் அடிபட்ட அட்டை வேறெப்படி இருக்கும்?

ஐந்தாம் நாள் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு சென்றேன். கடையில் வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். செத்த பொருளை விற்றுவிட்டதாக உரத்த குரலில் சொன்னேன். என் இந்தி கோபத்தில்தான் சரளமாக வரும். அவர் பதிலேதும் சொல்லாமல் அட்டையைத் தம் கணினியில் செருகிச் சோதனை நிரலை ஓடவிட்டார். ஒரு மணிநேரம் ஓடியது. நான் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, அது அணைய வேண்டுமென்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அணையவில்லை.

“பெட்டியைக் கொண்டுவாருங்கள்” என்றார்.

மறுநாள் ஆட்டோவில் கொண்டுசென்றேன். 9100எஃப் செயலிக்குள் கிராஃபிக்ஸ் வசதி கிடையாது; அட்டையில்லாத அன்றிரவு என் கணினி திரையற்ற வெறும் பெட்டி, அத்தியாயமும் அதற்குள்ளேயே கிடந்தது. அவர் பக்கத்தகட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸின் மறுபக்கத்திலிருந்த சிறு அட்டவணையைக் கைப்பேசி விளக்கில் காட்டினார். 12 வோல்ட் பகுதிக்கு எதிரே 16 ஆம்பியர். கணிப்பானில் பெருக்கினார்: 192 வாட். செயலியும் கிராஃபிக்ஸ் அட்டையும் பெருமளவு மின்சாரத்தை அந்தப் பகுதியிலிருந்தே எடுக்கின்றன. செயலிக்கு 65, அட்டைக்கு 125. கூட்டினால் 190. விசிறிகளையும் வன்தட்டையும் அதற்கு மேல் எண்ண வேண்டும். வேலை கடுமையாகும் கணத்தில் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பழுதான அட்டை என்றால் பெரும்பாலும் திரையில் கோடுகள் தோன்றும், படம் உறையும். இப்படி முழுக் கணினியும் ஒரே நொடியில் அணைந்தால் முதலில் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும் என்றார்.

“450?” என்று கேட்டேன்.

“அது பெயர். கணக்கு இங்கே இருக்கிறது” என்று அட்டவணையைத் தட்டினார். பிறகு, “டாக்டர் சாஹப், நீங்கள் படிக்கிறவர். முழுவதும் படித்திருக்க வேண்டாமா?”

நான் இன்னும் டாக்டர் அல்லன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். முந்தைய நாள் கேட்டவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. அவதூறு நான்கு பேர் முன்னிலையில், மன்னிப்பு இரண்டு பேருக்குள். அவர் தேநீர் சொன்னார்.

வெண்கலத் தரச் சான்றுள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை அவரிடமே 2,900 ரூபாய்க்கு ரசீதுடன் வாங்கினேன். 12 வோல்ட் பகுதியில் 36 ஆம்பியர் இருப்பதை இம்முறை நானே பெருக்கிப் பார்த்தேன். பழைய அட்டையும் புதிய எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து 12,400. எட்டு மாதங்களாக ஒருமுறைகூட அணைந்ததில்லை. துண்டின் அளவைப் பெரிதாக்கியதும் வயல்களில் பெரும்பகுதி குளங்களின் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது.

அந்த ரசீதை ஆய்வுச் செலவாகக் கணக்குப் பிரிவில் கொடுத்தேன். பொருளின் பெயரில் ‘கேமிங்’ என்ற சொல் இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். இன்றைய ஆழ்கற்றல் ஆய்வுக்குத் திருப்புமுனையான 2012-ஆம் ஆண்டின் அலெக்ஸ்நெட், கடையில் விளையாட்டுக்காரர்களுக்கு விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 580 அட்டைகள் இரண்டில்தான் பயிற்றுவிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைத்துப் பார்த்தேன். “ஆய்வுக்கா, விளையாட்டுக்கா?” என்று எழுத்தர் கேட்டார். இரண்டுக்கும் என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. ரசீது என் இழுப்பறையில் இருக்கிறது.

மாதிரி பயிற்சியில் இருக்கும்போது அந்த அட்டையால் வேறெதுவும் செய்ய இயலாது. நேற்றிரவு தம்பி அழைத்தபோது நாற்பதாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. முடிய இரண்டு மணியாகும் என்றேன். “பரவால்லண்ணே, முழிச்சிருக்கேன்” என்றான்.