ஐந்து எண்கள்

திங்கள்

கடை திறந்ததும் ஆசாரி ஒருவர் இரண்டு 18 வோல்ட் டிரில் பேட்டரிகளோடு வந்தார். ஒன்று சீக்கிரமே பச்சை விளக்குக்கு வந்துவிடுகிறதாம், ஆனால் வேலையில் நிற்பதில்லை. இன்னொன்றை மாட்டினால் சார்ஜர் சிவப்பில் கண்சிமிட்டுவதோடு சரி.

முதலாவதைப் பிரித்தேன். பத்து 18650 செல்கள், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி. ஜோடிக்கு 3.6 வோல்ட், அதனால்தான் 18 என்ற பெயர். முழுதாக ஏறினால் ஜோடிக்கு 4.2, மொத்தம் 21. இதில் 20.34 இருந்தது. அதை மட்டும் பார்த்தால் நல்ல பேட்டரி என்றே தோன்றும். ஜோடி ஜோடியாக மீட்டர் வைத்தேன்: 4.18, 4.19, 4.17, 4.18, 3.62.

கடைசி எண்ணில் இருக்கிறது கோளாறு. மற்ற நான்கும் உச்சியை எட்டியதும், அவை அளவு மீறாமல் இருக்க சார்ஜ் நின்றுவிடுகிறது. வேலை செய்யும்போது பின்தங்கிய ஜோடி முதலில் காலியாக, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு மிஷினை நிறுத்துகிறது. இரண்டு முறையும் போர்டு தன் கடமையைத்தான் செய்கிறது.

செவ்வாய்

ஒரு ஜோடி மட்டும் ஏன் இறங்குகிறது? சில பேக்குகளில் போர்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே ஜோடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் அது தனியே தேயும். சமன்செய்யும் வசதி பல பேக்குகளில் கிடையாது. செல்லே உள்ளுக்குள் கசிந்தாலும் இப்படித்தான் காட்டும். எது என்று அறிய ஒரு வழி: பவர் சப்ளையை 4.18 வோல்ட், 1 ஆம்பியரில் வைத்து அந்த ஜோடிக்கு மட்டும் ஏற்றினேன். இனி பொறுத்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளி

4.17. கசிவு இல்லை. மிஷினில் போட்டுத் தேக்கில் துளையிட்டபோதும் ஐந்தும் சேர்ந்தே இறங்கின. ஒரு செல்லையும் மாற்றாமல் முதல் பேட்டரி பிழைத்தது.

இரண்டாவதில் ஒரு ஜோடி 1.1 வோல்ட். நல்ல பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, கொஞ்சம் உசுப்பிவிட்டு சார்ஜரை ஏமாற்றும் வித்தை எல்லோருக்கும் தெரியும். நான் செய்வதில்லை. லித்தியம் செல் அவ்வளவு கீழே கிடந்தால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் ஆக்கி, தீயில் முடியலாம்.

சனி

"அந்த ரெண்டு செல்லை மட்டும் மாத்திக் குடுத்துருங்க," என்றார் ஆசாரி. பழையதோடு புதியதைச் சேர்த்தால் அளவு ஒத்துவராது, சில மாதத்தில் இதே நோய் திரும்பும் என்றேன். மாற்றினால் பத்தையும் மாற்ற வேண்டும். அதுவும் லேப்டாப்பில் கழற்றியதல்ல. டிரில் இழுக்கும் கரண்டைத் தாங்கும் ரகம். நிக்கல் பட்டியை ஸ்பாட் வெல்டிங்தான் செய்ய வேண்டும், சால்டரிங் சூடு செல்லைக் கெடுக்கும்.

"அந்தக் காசுக்குப் புதுசே வந்துருமுங்களே?"

"வாங்கிக்கோங்க. இதை மட்டும் குப்பையில போட்டுராதீங்க." 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள், பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன.

பிழைத்த பேட்டரியின் மேல் ஐந்து ஜோடிகளின் அளவையும் தேதியையும் எழுதி ஒட்டினேன். அடுத்த முறை அதே ஜோடி இறங்கியிருந்தால் போர்டைப் பார்ப்பேன். வேறொன்று என்றால் செல்களையே சந்தேகிப்பேன். கூலி வாங்கியது சார்ஜ் ஏற்றியதற்கல்ல, அந்தச் சீட்டுக்கு.