ஓட்டுநரின் உடல்தகுதியும் வேலையும்

ஓட்டுநரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். போதைப்பொருளுக்கு அந்தப் பிரிவில் இப்படி அளவு கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி.

பணிக்காலத்தில் கண்ணோ காலோ பழுதானவர் நிலை முற்றிலும் வேறு. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4), அரசு நிறுவனங்கள் அவரை வெளியேற்றவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே ஊதிய விகிதத்தில் மாற்றுப் பணி தர வேண்டும். அது இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்க வேண்டும். வெள்ளானூர், ஆவடிப் பக்கம் மாநகரப் பேருந்து ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். நிறப்பார்வைக் குறைபாட்டால் வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநருக்கு மாற்றுப் பணி தரும்படி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான தீர்ப்பு.

விருப்ப ஓய்வில் கையெழுத்திடும் முன், இப்படி உடல் பழுதான ஓட்டுநர்கள் மாற்றுப் பணியை எழுத்து மூலம் கேட்க வேண்டும்.