மெல்லச் சீவும் கை

மலேசியாவில் கெமாஸ் என்றாலே ரயில்தான். கிழக்குக் கரையின் தும்பாட் வரை ஓடும் தடம் இந்தச் சந்திப்பில்தான் பிரிகிறது. அந்தத் தடம் முழுமை பெற்ற ஆண்டு 1931. ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த நேரம் அது. மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்த தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்று ஊரைச் சுற்றிலும் செம்பனை. ரப்பர் பால்மரம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சிறுதோட்டக்காரர்களிடம். நாடு முழுக்க நிலைமை இதுதான். அப்படியொரு சிறுதோட்டத்தில், விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் சீவும் ஓர் அக்காவின் பின்னால் நடக்க எனக்கு அனுமதி கிடைத்தது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிறந்தது எஸ்டேட் லயத்தில். அந்த எஸ்டேட் செம்பனைக்கு மாறிய பிறகு, அடுத்தவர் மரத்தைப் பாதிப் பங்குக்குச் சீவுகிறார்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில், பழைய வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை ஒரே இழுப்பில் நாராக உரிக்கிறார். பிறகு உளியை இடது மேலிருந்து வலது கீழாக, சரிவாக இழுக்கிறார். பட்டையில் போவது ஒன்றரை மில்லிமீட்டர்தான். பால் இறங்கி மங்கில் சொட்டத் தொடங்கும்போது அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே அத்தனை அவசரம். ஆனால் அவசரம் காலில்தான், கையில் இல்லை. உளி ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலும் உள்ளே வளரும் திசு காயப்பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாகக் கட்டிக்கொள்ளும்.

அப்படி முண்டு கட்டிய மரம் ஒன்றையும் காட்டினார். "இது எம்மவன் வெட்டுனது தம்பி." சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த மகன், 2020 மார்ச் 18 அன்று கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லை மூடியதும் வீட்டோடு முடங்கிவிட்டான். அம்மாவின் உளியை எடுத்து அவன் பழகியது அப்போதுதான். "மாசக்கணக்கா இந்தக் காடுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. அத மறக்க முடியுமா? அவனும் அன்னிக்குத்தான் எங்கையப் பாத்தான்."

கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் பட்டை போகும். மூன்று மில்லிமீட்டராகச் சீவினால் மரத்தின் உழைக்கும் காலம் பாதியாகும்; பால் ஒன்றும் இரட்டிப்பாகிவிடாது. மங்கில் உறையும் கட்டிப்பாலின் விலை கிலோவுக்கு 3 வெள்ளிக்குக் கீழே இறங்கினால், மலேசிய ரப்பர் வாரியத்தின் அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு அரசு வித்தியாசத்தை ஈடுகட்டும். 2024 வரவுசெலவுத் திட்டம் வகுத்த வரம்பு அது. மழை பெய்தால் வேலை இல்லை. இலையுதிர் மாதங்களில் பால் குறையும். போதாததற்கு, 2017 முதல் ஒரு பூஞ்சை நோய் வேறு மரத்தை அகாலத்தில் மொட்டையடிக்கிறது.

தொழிலாளியின் நன்றியுணர்வைப் பற்றிப் பேச முதலாளிகளுக்கு எப்போதுமே பிடிக்கும். அக்காவின் நன்றி அவர்கள் பக்கம் போவதில்லை. ஆயுத பூஜைக்கு உளியைக் கழுவிப் பொட்டு வைக்கிறார்; முதல் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சீவத் தொடங்குகிறார். ஆனால் பால் கடையில் தராசு முள்ளைவிட்டு அவர் கண் அகலாது. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதும் அவருக்குத் தெரியும், அது சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத்தான், பங்குக்குச் சீவுபவருக்கு இல்லை என்பதும் தெரியும்.

ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் எஸ்டேட்டுகளை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, லயத்து வீடும் வேலையும் ஒன்றாகப் போன கதையை அவர் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்து, எஸ்டேட்டையே வாங்கினார்கள். அவர்கள் மரத்தின் மேல் வைத்திருந்த பற்றுக்குப் பத்திரமும் இருந்தது. இந்த அக்காவிடம் இருப்பது உளியும் வாய்ப்பேச்சு ஒப்பந்தமும்.

இப்போது தோட்ட முதலாளியான தவுக்கே மரங்களை வீழ்த்திவிட்டு டுரியான் நடலாமா என்று யோசிக்கிறாராம். வீழ்த்தப் போகிற மரத்துக்குத் தொழிலில் தனி வழக்கம் உண்டு: பட்டையை மிச்சம் வைக்காமல், உயரத்திலும் கோடு போட்டு, கிடைக்கிற பாலையெல்லாம் எடுத்துவிடலாம். வீழ்த்தவில்லை என்றால் அதுவே மரத்துக்குச் செய்யும் கொலை. அதனால் அக்கா கேட்பது வேலை உறுதிகூட இல்லை, ஒரு தேதி. "எப்ப வெட்டுவீங்கன்னு மூணு மாசத்துக்கு முன்னால சொல்லிடுங்க தவுக்கேன்னு கேட்டிருக்கேன். பாக்கலாம்னாரு."

பதில் வரும்வரை ஒன்றரை மில்லிமீட்டர்தான்.